பாலாற்று முகத்துவாரத்தில் வலசைப் பறவைகள்: வேலூர்ப் பக்கத்தார் எப்போது போய்ப் பார்ப்பது?

கலங்கல்மேடு (காவேரிப்பாக்கம்)
செப்டம்பர் 4, இரவு 9:10

வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் பறவை பார்க்கும் நண்பர்களில் பெரும்பாலோர் தொலைநோக்கியைக் கையில் எடுப்பது மார்கழி பிறந்த பிறகுதான். அப்போது ஏரிகள் நிறைந்திருக்கும். 2015 முதல் நடந்துவரும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும் சனவரியில் வருவதால், அந்த வழக்கம் இன்னும் இறுகிவிட்டது. இதில் ஒரு பெரிய குறை இருப்பதாக நினைக்கிறேன். சனவரியில் நாம் எண்ணுவது வந்து தங்கிவிட்ட பறவைகளை. வருகை ஆடிக் கடைசியில் தொடங்கி ஐப்பசி வரை நீள்கிறது. அந்த மாதங்களில் நம் ஏரிகளில் பலவும் வறண்டோ, உள்வாயில், அதாவது ஏரியின் உட்பரப்பில், சிறிது நீர் தேங்கியோ கிடக்கின்றன. ஆகவே, வடக்கேயிருந்து வருகிற பறவை முதலில் எங்கே இறங்குகிறது என்று தெரிந்துகொள்ள விரும்பினால், நாம் கடற்கரைக்குத்தான் போக வேண்டும்.

எந்தக் கடற்கரை என்பதற்கு எனக்கு ஒரு விருப்பம் உண்டு. நம் ஊர் வழியாக ஓடும் பாலாறு, கர்நாடகத்தில் நந்தி மலைப் பகுதியில் தோன்றி, சுமார் 348 கிலோமீட்டர் கடந்து, செங்கல்பட்டு மாவட்டத்தில் வாயலூருக்கு அருகே கடலில் சேர்கிறது. வேலூரிலிருந்து காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகப் போனால் ஏறத்தாழ 140 கிலோமீட்டர். (திருக்கழுக்குன்றத்து மலையில் நாள்தோறும் உணவுக்கு வந்த அந்த இரண்டு கழுகுகள் மஞ்சள்முகப் பாறுகள், இப்போது அவை வருவதில்லை. வழியில் அண்ணாந்து பார்ப்பவர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன்.) இந்தப் பருவத்தில் முகத்துவாரத்தில் காண்பதையும் அதே வாரங்களில் நம் ஏரிகளில் காண்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஓர் ஆற்றின் இரு முனைகளிலும் வலசை எப்படி நடக்கிறது என்பது விளங்கும். முன்பு ஆவணி, புரட்டாசியில் அந்தப் பக்கம் போய் வந்தவர்கள் என்ன பார்த்தீர்கள் என்று எழுத வேண்டுகிறேன்.

கோட்டை அகழி (வேலூர்)
செப்டம்பர் 4, இரவு 10:32

நான் பறவை பார்க்கத் தொடங்கியது அண்மையில்தான். ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, நாமக்கோழி ஆகியவற்றை மட்டும் தடுமாறாமல் சொல்வேன். கடற்கரையில் ஓடும் சிறு பறவைகள் எல்லாம் எனக்கு ஒன்றாகவே தெரிகின்றன. அவற்றுக்காக 140 கிலோமீட்டர் போவதா என்று சற்றுத் தயக்கமாக இருக்கிறது. அவ்வளவு தொலைவு போவதென்றால், அரக்கோணம், திருவள்ளூர் வழியாகப் பழவேற்காட்டுக்கே போய்ப் பூநாரைகளைப் பார்த்துவிட்டு வரலாம் அல்லவா?

காட்பாடி வாத்தியார்
செப்டம்பர் 5, காலை 6:15

தம்பி, பூநாரைக்காகப் பழவேற்காடு போவதாக இருந்தால் இப்போது கிளம்ப வேண்டாம். அங்கு அவை பெருங்கூட்டமாகச் சேர்வது பெரும்பாலும் மழைக்காலம் வந்து நீர் பரவிய பிறகு, கார்த்திகையிலிருந்து மாசி வரை. ஆவணி, புரட்டாசிக் கடற்கரை, நீங்கள் சொன்ன அந்த ஓடும் சிறு பறவைகளான உள்ளான்களுக்கும் உப்புக்கொத்திகளுக்கும் உரியது. எல்லாம் ஒன்றாகத் தெரிவதாகச் சொல்கிறீர்கள். அந்த மயக்கம் எல்லோருக்கும் இருப்பதுதான். ஆனால் அவை யார், எங்கிருந்து, எந்த வரிசையில் வருகின்றன என்று தெரிந்துவிட்டால், மயக்கத்தில் பாதி தானாகக் கலைந்துவிடும்.

வளைமூக்கு உள்ளானை எடுத்துக்கொள்ளுங்கள். அது முட்டையிடுவது சைபீரியாவின் ஆர்க்டிக் தூந்திர வெளியில், டைமிர் தீபகற்பம் போன்ற இடங்களில். அங்கே கோடை மிகக் குறுகியது. ஆண் பறவை அடைகாப்பதில் பங்கெடுப்பதில்லை. ஆகவே சூன் கடைசியிலும் சூலைத் தொடக்கத்திலும் அதுவே முதலில் தெற்கே கிளம்புகிறது. பெண் பறவைகள் அடுத்துப் புறப்படுகின்றன. அந்த ஆண்டுக் குஞ்சுகள், வழிகாட்டத் தாயும் தகப்பனும் இல்லாமல், கடைசியில் வருகின்றன. இதனால் நம் கரையில் ஆகஸ்டில் இறங்குபவை, மார்பிலும் வயிற்றிலும் செங்கல் நிறம் இன்னும் முழுதாக உதிராத வளர்ந்த பறவைகள். செப்டம்பர் பிற்பகுதியிலிருந்து, முதுகு இறகுகளின் விளிம்பு வெளுத்து, மீன் செதில் அடுக்கியதுபோல் தோன்றும் இளம் பறவைகள் கூட்டத்தில் கலக்கத் தொடங்கும். பொங்கலுக்குள் இரண்டும் ஒரே சாம்பல் நிறத்துக்கு வந்துவிடும். எது தாய், எது பிள்ளை என்று தூரத்திலிருந்து சொல்வது பெரும்பாடு. தூந்திரத்தில் அந்த ஆண்டு குஞ்சுகள் நன்றாகப் பிழைத்தனவா என்பதை இவ்வளவு தெற்கே நின்றுகொண்டு ஓரளவு ஊகிக்கக் கிடைக்கும் காலம் இதுதான். அதைச் சனவரிக் கணக்கில் தேடிப் பயனில்லை என்பதில் கலங்கல்மேடு ஐயாவுடன் எனக்கு முழு உடன்பாடு.

கொசு உள்ளானும் ஆர்க்டிக் வெளியிலிருந்து வருவதே. அளவில் சிட்டுக்குருவியை ஒத்த அந்தப் பறவை அவ்வளவு தொலைவு பறந்து வந்து, வந்த களைப்பும் தெரியாமல் சேற்றைக் குத்திக்கொண்டிருக்கும். ஆனால் கரைக்கு வரும் எல்லாமே ஆர்க்டிக்கைச் சேர்ந்தவை அல்ல. நாம் சிறு மணல் உப்புக்கொத்தி என்று எழுதிவந்த பறவையை அண்மைப் பட்டியல்களில் இரண்டு இனங்களாகப் பிரித்துவிட்டார்கள். நம் கரைக்கு வழக்கமாக வருவது திபெத்தியப் பீடபூமியில் இனப்பெருக்கம் செய்யும் இனம். பழுப்புத்தலைக் கடற்காகமும் மத்திய ஆசிய மேட்டு நில ஏரிகளிலிருந்து வருவதுதான், ஆனால் அது நிதானமாக அக்டோபர், நவம்பரில் வந்து சேரும். இவை அனைத்தும் மத்திய ஆசிய வலசைப் பாதை என்று சொல்லப்படும், ஏறத்தாழ 30 நாடுகளைத் தொட்டுச் செல்லும் பாதையில் பயணம் செய்பவை.

சதுரங்கப்பட்டினத்து மருமகள்
செப்டம்பர் 5, பிற்பகல் 2:40

பிறந்த ஊர் ஆற்காடு, வாழ்க்கைப்பட்ட ஊர் சதுரங்கப்பட்டினம்; ஆகவே இந்த உரையாடலில் எனக்கு இரண்டு பக்கமும் உரிமை உண்டு. வருகிறவர்கள் இடத்தைப் பற்றிச் சிலவற்றைத் தெரிந்துகொண்டு வந்தால் வீண் அலைச்சல் மிச்சமாகும்.

முகத்துவாரம் ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் என்று நினைக்காதீர்கள். ஆற்றில் நீர்வரத்து இல்லாத மாதங்களில் அலை கொண்டுவரும் மணல் வாயை அடைத்துவிடும். வடகிழக்குப் பருவமழையில் வெள்ளம் வந்தால்தான் அது உடையும். வாய் அடைபட்டிருக்கும்போது கடலின் ஏற்றவற்றம் உள்ளே வராது. ஆகவே, இணையத்தில் ஓத நேரம் பார்த்து, வற்று நேரத்துக்குச் சரியாக வந்து நின்றாலும், உள்பக்க நீர் சேற்றைத் திறந்து காட்டாது. வாய் திறந்திருக்கும் நாட்களில் நிலைமை வேறு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் வற்று அதிகம். அப்போது உள்பக்கத்தில் மணல்திட்டுகள் வெளிப்பட்டு, பறவைகள் பரந்து மேயும். ஆனாலும் நம் கரையில் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் இடையிலான உயர வேறுபாடு சுமார் ஒரு மீட்டர் அளவே. குசராத்துக் கடற்கரைப் படங்களில் கண்ணுக்கெட்டிய தூரம் சேறு கிடப்பதைப் பார்த்துவிட்டு வந்து இங்கே ஏமாற வேண்டாம்.

வாயலூரில் ஆற்றின் குறுக்கே தடுப்பணை கட்டியிருக்கிறார்கள். அணைக்கு மேற்புறம் நன்னீர், கீழ்ப்புறம் உவர்நீர். ஒரு மணி நேர நடைக்குள் இரண்டு வகைப் பறவைகளையும் பார்த்துவிடலாம் என்பது இந்த இடத்தின் சிறப்பு. மேற்புறம் நீர்க்காகம், மீன்கொத்தி, நெடுங்கால் உள்ளான், பொறி உள்ளான்; கீழ்ப்புறம் ஆலா என்னும் கடற்பறவைகளும் உப்புக்கொத்திகளும்.

வெளிச்சத்தைப் பற்றியும் ஒரு சொல். இது கிழக்குப் பார்த்த கரை. காலையில் வந்து கடலைப் பார்த்து நின்றால் வெயில் முகத்தில் அடிக்கும், பறவை வெறும் நிழலாகத் தெரியும். கடல் பக்கத்து மணல்மேட்டில் நின்று உட்புறம் நோக்குங்கள். இல்லையென்றால் மூன்று மணிக்கு மேல் வாருங்கள். வடக்கே கல்பாக்கம் அணுமின் நிலைய வளாகம் இருப்பதால் அந்தத் திசையில் நீண்ட லென்சை நீட்டிக்கொண்டு நடக்க வேண்டாம். காவலர் கேட்டால் விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பதில் பொழுது போய்விடும். படகு நிற்கும் இடங்களில் மீனவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவது மரியாதையும் ஆகும், பயனும் ஆகும். எந்தத் திட்டில் நேற்றுக் கூட்டம் இருந்தது என்பது அவர்களுக்குத் தெரியும்.

ஜவ்வாது அடிவாரம் (அமிர்தி)
செப்டம்பர் 6, இரவு 8:05

இவ்வளவு நேரமும் கடற்கரை, கடற்கரை என்றே பேசுகிறீர்கள். வலசை என்பது நீர்ப்பறவைகளோடு முடிந்துவிடுவதில்லை. எங்கள் மலையில் ஓடைகளுக்குச் செப்டம்பரிலேயே கரும்சாம்பல் வாலாட்டி வந்துவிடும். பழுப்புக் கீச்சான் வேலிப் புதரில் உட்கார்ந்து கீச்சிடும் சத்தம் கேட்டால் வடக்கத்தி விருந்தாளி வந்தாயிற்று என்று பொருள். சூறைக்குருவிக் கூட்டம் மத்திய ஆசியப் பக்கத்திலிருந்து வந்து நம் வயல்களுக்கு மேலே சுழலும். அதற்கு ஏரியும் வேண்டாம், கடலும் வேண்டாம். ஆறுமணிக்குருவி இமயமலை அடிவாரம், மத்திய இந்தியா ஆகிய இடங்களிலிருந்து இரவோடு இரவாகத் தெற்கே போகிறது. அக்டோபரில் வேலூர் நகரத்து மாடிகளிலும் கண்ணாடிச் சுவர்களிலும் மோதி மயங்கி விழும் பறவைகளில் அதுவும் ஒன்று. வருகிற பறவை எங்கே இறங்குகிறது என்ற கேள்விக்கு விடை தேடக் கடற்கரைக்குத்தான் போக வேண்டும் என்று தொடக்கத்தில் எழுதியது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

கேட்காமலேயே ஒன்றைச் சொல்கிறேன்: அப்படி விழுந்த பறவையைக் கண்டால் தண்ணீரை வாயில் ஊற்றாதீர்கள். காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் இருட்டாக, அமைதியாக வைத்து, தெளிந்ததும் மரங்கள் உள்ள இடத்தில் விட்டுவிடுங்கள். தெளியவில்லை என்றால் வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.

கலங்கல்மேடு (காவேரிப்பாக்கம்)
செப்டம்பர் 6, இரவு 9:48

மலைப் பறவைகளைப் பற்றித் தாங்கள் சொல்வதை மறுக்கவில்லை. என் கேள்வி கரைப் பறவைகளையும் வாத்துகளையும் பற்றியது என்று வரையறுத்துக்கொள்கிறேன். அந்த வரையறைக்குள், ஏரி நிறையும் வரை அவை கரையிலேயே நிற்கின்றன, மழை பெய்த பின் உள்நாட்டுக்குப் பரவுகின்றன என்பதே என் கருத்து.

மகேந்திரவாடி உழவன்
செப்டம்பர் 7, காலை 5:50

ஐயா, அந்த வரையறைக்குள்ளும் தாங்கள் சொல்வது பாதிதான் பொருந்தும். தஞ்சாவூர்க்காரர் ஒருவர் இப்படிச் சொன்னால் ஒப்புக்கொள்வேன். நம் வடாற்காட்டில் தென்மேற்குப் பருவமழையும் கணிசமாகப் பெய்யும். ஆவணி, புரட்டாசியில் இடியோடு பெய்யும் மாலை மழையில் ஏரி நிறையாது, ஆனால் உள்வாய் நனையும். உள்ளானுக்கு வேண்டியது நிறைந்த ஏரி அன்று. கணுக்கால் நனையும் நீரும் ஈரச் சேறும் அதற்குப் போதும். அத்தகைய ஆண்டுகளில் செப்டம்பரிலேயே பொறி உள்ளானும், பட்டாணி உப்புக்கொத்தியும், பச்சைக்காலியும் எங்கள் ஏரியில் மேய்வதை நான் பார்த்திருக்கிறேன். வாத்துகளில் நீலச்சிறகி மற்றவற்றுக்கு முன்னால் வருவது. அதையும் செப்டம்பர் கடைசியில் எங்கள் பக்கத்தில் காணலாம்.

மாறாக, மார்கழியில் ஏரி கரை தொட நிறைந்துவிட்டால் உள்ளானுக்கு நிற்க இடமே இருக்காது. அப்போது அது நெல் நட்ட வயல்களுக்குப் போய்விடும். ஏரிக்கரையில் நின்று எண்ணுகிறவர் அதைப் பார்க்கமாட்டார். மாசி, பங்குனியில் மதகு திறந்து நீர் இறங்க இறங்க, சேறு வெளிப்பட்டு, உள்ளான்கள் திரும்ப வரும். ஆகவே, மழைக்கு முன் கரை, மழைக்குப் பின் ஏரி என்று இரண்டாக வகுப்பதைவிட, ஆழ நீர், ஓர நீர் என்று பார்ப்பது பொருத்தமாக இருக்கும். ஆழ நீர் வாத்துக்கும் நாமக்கோழிக்கும். ஓர நீர் உள்ளானுக்கு. எந்த மாதத்தில் எது எங்கே இருக்கிறதோ, அங்கே பறவை இருக்கிறது.

எங்கள் ஊர் ஏரி இன்று நேற்று வெட்டியதன்று. முதலாம் மகேந்திரவர்மன் குடைந்த குகைக் கோயிலின் கல்வெட்டிலேயே மகேந்திர தடாகம் என்று பெயர் இருக்கிறது. வாலாசாவுக்கு அருகே பாலாற்று அணைக்கட்டிலிருந்துதான் காவேரிப்பாக்கம் ஏரிக்கும் எங்கள் ஏரிக்கும் கால்வாய் பிரிகிறது. ஆற்றில் நீர் வந்தால் அணைக்கட்டில் ஏரிகளுக்குத் திரும்பும் பங்கு போக மிஞ்சியதுதான் கீழே போகும். இங்கே சேறு மறைந்து ஏரி நிறைவதும் அங்கே முகத்துவாரம் உடைவதும் பெரும்பாலும் ஒரே வெள்ளத்தின் வேலை. 2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் வந்தபோது இதைப் பலரும் கண்ணாரக் கண்டிருப்பீர்கள்.

காட்பாடி வாத்தியார்
செப்டம்பர் 7, காலை 8:20

உழவர் ஐயா சொன்ன ஆழ நீர், ஓர நீர்ப் பாகுபாட்டோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். கரைப் பறவைகளிலேயே உவர்நீரை விட்டு வராதவை உண்டு. அலை பின்வாங்கும்போது அதன் பின்னால் ஓடி, அடுத்த அலை வரும்போது முன்னால் ஓடி வரும் வெளிறிய சாண்டர்லிங், காய்ந்த பாசியையும் கிளிஞ்சலையும் அலகால் புரட்டிப் பார்க்கும் கல்திருப்பி, பட்டைவால் மூக்கன், மணல் உப்புக்கொத்திகள், சாம்பல் உப்புக்கொத்தி, சின்னக் கோட்டான். இவற்றைக் காவேரிப்பாக்கத்தில் எந்த மாதத்திலும் எதிர்பார்ப்பதற்கில்லை. பொறி உள்ளான் போன்றவை நன்னீரை விரும்புபவை. கடலோரத்தில் அலைக்கு எதிரே அவற்றைத் தேடக்கூடாது. கொசு உள்ளான், பச்சைக்காலி, பவளக்காலி, பட்டாணி உப்புக்கொத்தி ஆகியவை இரண்டிலும் வரும். கலங்கல்மேடு ஐயாவின் ஒப்பீட்டுக்குப் பயன்படக்கூடியவை இந்த மூன்றாம் கூட்டம்தான். இவை கரையில் குறைந்து ஏரியில் கூடும் வாரம் எது என்று பாருங்கள். மற்றவற்றை ஒப்பிடுவதில் பொருள் இல்லை.

கோட்டை அகழி (வேலூர்)
செப்டம்பர் 22, இரவு 7:30

நீங்கள் எல்லோரும் எழுதியதைப் படித்துவிட்டு நண்பரோடு போய் வந்தேன். ஒரு படத்தை இணைத்திருக்கிறேன். மார்பில் மங்கிய பழுப்புப் பட்டை, கண்ணுக்குப் பின்னால் கருமை, கறுத்த அலகு. மணல் உப்புக்கொத்தி என்பதுவரை வந்துவிட்டேன். சிறியதா பெரியதா என்பதில் நிற்கிறேன். பக்கத்தில் ஒப்பிட வேறு பறவை இல்லை.

காட்பாடி வாத்தியார்
செப்டம்பர் 22, இரவு 8:55

நல்ல படம், தம்பி. உருவத்தின் அளவை நம்பாதீர்கள். தனியே நிற்கும் பறவை எப்போதும் ஏமாற்றும். அலகின் நீளத்தை, அலகு தொடங்கும் இடத்திலிருந்து கண்ணின் பின் விளிம்பு வரையுள்ள தூரத்தோடு ஒப்பிடுங்கள். அலகு அதைவிடத் தெளிவாக நீண்டு கனத்து, நுனி குறுகித் தெரிந்தால் பெரிய மணல் உப்புக்கொத்தி. உங்கள் படத்தில் அலகு அந்தத் தூரத்தை எட்டவில்லை, நுனியும் மழுங்கியிருக்கிறது. ஆகவே சிறியது, அதாவது திபெத்தியது. பறக்கும் படம் இருந்தால் கால்விரல்களையும் பாருங்கள். பெரியதற்கு அவை வாலைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும்.

ஆம்பூர் தோல்ஷாப்பு
செப்டம்பர் 24, இரவு 10:12

ஒரு பொதுவான ஐயம். பட்டைவால் மூக்கன் நில்லாமல் பதினோரு நாள் பறந்தது என்று செய்தியில் படித்தேன். நம் கரைக்கு வருவதும் அப்படித்தான் வருகிறதா? இன்னொன்று: காலில் வளையம் இட்ட பறவையைப் பார்த்தால் என்ன செய்ய வேண்டும்?

காட்பாடி வாத்தியார்
செப்டம்பர் 25, காலை 6:40

அந்தப் பறவை 2022 அக்டோபரில் அலாஸ்காவிலிருந்து ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டர் பறந்தது. செயற்கைக்கோள் கருவி பொருத்தியிருந்ததால் அது தெரியவந்தது. பசிபிக்கைக் கடப்பதால் அதற்கு நடுவில் இறங்க நிலம் இல்லை. நம்மிடம் வருவது அந்த இனத்தின் வேறு கிளை. அதன் வழியில் நிலம் உண்டு, தங்குமிடம் உண்டு. ஆகவே அந்தக் கணக்கை அப்படியே இதற்குப் பொருத்த முடியாது.

வளையத்தைப் பொறுத்தவரை, இந்தியாவில் முறையாக வளையமிடும் பணியை 1959-இல் சாலிம் அலியின் முயற்சியால் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பெரிய அளவில் தொடங்கியது. கியாசனூர்க் காட்டு நோய் பரவியதில் வலசைப் பறவைகளின் உண்ணிகளுக்குப் பங்கு உண்டா என்று அறியும் நோக்கில் உலகச் சுகாதார நிறுவனம் அதற்கு உதவியது. நம் மாநிலத்தில் கோடியக்கரை அந்தப் பணிக்குப் பெயர்போன இடம். வளையத்தைப் படித்துவிட வேண்டும் என்று பறவையைத் துரத்தாதீர்கள். எந்தக் காலில், முட்டிக்கு மேலா கீழா, கொடி போன்ற வண்ணத் தகடு இருந்தால் என்ன நிறம், என்ன எழுத்து என்று குறித்து, படத்தோடு அந்தக் கழகத்துக்கு எழுதினால் போதும்.

கலங்கல்மேடு (காவேரிப்பாக்கம்)
அக்டோபர் 13, இரவு 9:20

சென்ற வார இறுதியில் முகத்துவாரம், இந்த வாரம் காவேரிப்பாக்கம்.

முகத்துவாரம் அடைபட்டே இருந்தது. உட்புறத் தென்பகுதித் திட்டில் மணல் உப்புக்கொத்திகள் நெருக்கமாக உட்கார்ந்திருந்தன. அவற்றுக்குள் கெண்டிஷ் உப்புக்கொத்தி சிலவும், வளைமூக்கு உள்ளானின் இளம் பறவைகளும். வாத்தியார் ஐயா சொன்ன செதில் முதுகு வெயிலில் தெளிவாகத் தெரிந்தது. செங்கல் நிறத்தில் ஒன்றுகூட எஞ்சவில்லை. கடற்பக்கத்தில் சாண்டர்லிங் ஒரு சிறு கூட்டம். வலை உலர்த்தும் இடத்தில் கல்திருப்பிகள், மனிதர்களைப் பொருட்படுத்தாமல் கருவாட்டுச் சிதறலைப் புரட்டிக்கொண்டிருந்தன. சின்னக் கோட்டான் தலைக்கு மேலே அந்த அடுக்குச் சீழ்க்கையை ஒலித்துக்கொண்டே தெற்கே போயிற்று. காஸ்பியன் ஆலா ஒன்று, விராலடிப்பான் ஒன்று. பழுப்புத்தலைக் கடற்காகம் இன்னும் வரவில்லை என்றே தோன்றுகிறது.

காவேரிப்பாக்கத்தில் உள்வாய் ஓரமாகக் கணிசமான ஈரம். பொறி உள்ளான், நெடுங்கால் உள்ளான், மஞ்சள் வாலாட்டி, தகைவிலான் நிறைய, நீலச்சிறகி ஒரு சிறு கூட்டம். கொசு உள்ளானும் பச்சைக்காலியும் இரண்டு இடங்களிலும் இருந்தன. இந்த ஆண்டு நம் பக்கத்தில் புரட்டாசி மழை நன்றாகப் பெய்ததால், உழவர் ஐயாவின் வாதத்துக்கு வலுக் கூடியிருக்கிறது. மழை பொய்க்கும் ஆண்டில் இதே வாரத்தில் பார்த்தால்தான் என் வாதத்தை எடை போட முடியும். ஆகவே அதை இன்னும் கைவிடுவதாக இல்லை.

ஜவ்வாது அடிவாரம் (அமிர்தி)
அக்டோபர் 14, இரவு 8:44

தகைவிலான்களையும் மஞ்சள் வாலாட்டிகளையும் எண்ணினீர்களா, அல்லது நிறைய என்று எழுதியதோடு சரியா? உள்ளான்களுக்குக் காட்டும் அக்கறையில் கால்பங்கை அவற்றுக்கும் காட்டலாம்.

திமிரி நோக்கர்
அக்டோபர் 15, காலை 7:05

எண்ணிக்கை என்ற பேச்சு வந்ததால் எழுதுகிறேன். 2024 அக்டோபரில், அழியும் ஆபத்தை வைத்து உயிரினங்களை வகைப்படுத்தும் ஐயுசிஎன் சிவப்புப் பட்டியலில் கரைப் பறவைகள் பலவற்றின் நிலையை மாற்றினார்கள். வளைமூக்கு உள்ளானும் சாம்பல் உப்புக்கொத்தியும் அழிவுக்கு உள்ளாகக்கூடியவை என்ற நிலைக்கு ஏற்றப்பட்டன. கல்திருப்பி அச்சுறுத்தலை நெருங்குபவை வரிசைக்கு வந்தது. நாம் சாதாரணம் என்று தாண்டிப் போகும் பறவைகள் இவை. கோடியக்கரை, பழவேற்காடு போன்ற பெரிய இடங்களில் எண்ணுவதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். பாலாற்று முகத்துவாரம் போன்ற சிறிய இடங்கள் இரண்டு பெரிய இடங்களுக்கு நடுவே பறவை இளைப்பாறும் இடங்கள்; அங்கே செப்டம்பர், அக்டோபரில் எடுத்த எண்ணிக்கை அரிதாகவே கிடைக்கிறது. ஆகவே போகிறவர்கள் சில, பல, நிறைய என்று எழுதாமல், தோராயமாகவேனும் ஓர் எண்ணைப் போட்டு, பறவைப் பதிவுகளுக்கான ஈபேர்டு இணையதளத்தில் பட்டியலிடுங்கள்.

தெற்கே இன்னும் சற்றுத் தொலைவு போக முடிந்தவர்கள் ஆரணி, வந்தவாசி, திண்டிவனம் வழியாக மரக்காணம் போகலாம். உப்பளங்களும் கழுவேலியும் அங்கே அடுத்தடுத்து இருக்கின்றன. கழுவேலி 2021-இல் பறவைகள் சரணாலயம் ஆயிற்று, 2024-இல் பன்னாட்டு முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. உப்பளப் பாத்திகளில் நீர் ஆழம் குறைவாக இருப்பதால், முகத்துவாரம் அடைபட்டிருக்கும் நாட்களில்கூட உள்ளான்களை அங்கே நெருங்கிப் பார்க்கலாம்.

சதுரங்கப்பட்டினத்து மருமகள்
அக்டோபர் 16, பிற்பகல் 1:30

நெருங்கிப் பார்ப்பது என்ற சொல்லைப் பார்த்ததும் ஒரு வேண்டுகோள். போன ஞாயிற்றுக்கிழமை ஒரு குழு திட்டின்மேல் நேராக நடந்து போய், உட்கார்ந்திருந்த கூட்டம் முழுவதையும் மூன்று நான்கு முறை எழுப்பிவிட்டது. பறக்கும் படம் வேண்டுமாம். தொலைவிலிருந்து வந்த பறவை இங்கேதான் தேய்ந்த சிறகு இறகுகளை மாற்றிக்கொள்கிறது, கொழுப்பையும் சேர்த்துக்கொள்கிறது. அதை மீண்டும் மீண்டும் எழுப்புவது பசியோடு சாப்பிட உட்கார்ந்தவரை இலையிலிருந்து எழுப்புவதற்குச் சமம். ஏற்கெனவே தெருநாய்களின் தொல்லை போதாதா? பறவை மேய்வதை நிறுத்தித் தலை தூக்கிப் பார்த்தால் நீங்கள் வேண்டிய அளவுக்கு மேல் நெருங்கிவிட்டீர்கள், அங்கேயே உட்கார்ந்துவிடுங்கள். பெரும்பாலும் அவை தாமே உங்கள் பக்கம் மேய்ந்துகொண்டு வரும்.

ஆம்பூர் தோல்ஷாப்பு
நவம்பர் 2, இரவு 9:15

மழை பிடித்துக்கொண்டது. புயல் வந்தால் கடற்பறவைகள் உள்நாட்டுக்கு வரும் என்று சொல்கிறார்களே, நம் ஏரிகளில் அப்படி ஏதேனும் தேடலாமா?

மகேந்திரவாடி உழவன்
நவம்பர் 3, காலை 5:35

தேடலாம். 2020 நவம்பரில் நிவர் புயல் மரக்காணம் அருகே கரை கடந்து உள்நாட்டுக்குள் வந்து வலுவிழந்தது. அத்தகைய புயல்கள் கரைக்கே வழக்கமாக வராத ஆலாக்களையும் பிற ஆழ்கடல் பறவைகளையும் வெகுதூரம் உள்ளே தள்ளிவிடக்கூடும். புயல் கடந்த மறுநாளும் அதற்கடுத்த நாளும் பெரிய ஏரிகளின் நடுநீரைப் பாருங்கள். களைத்துப்போய்க் கரையில் உட்கார்ந்திருக்கும் பறவையும் கிடைக்கலாம். ஆனால் கலங்கல் வழிந்து ஓடும்போது கரைமேல் நடப்பதும், உடைப்பு இருக்கும் இடத்தில் வண்டியை ஓட்டுவதும் வேண்டாம். ஏரியில் இப்போது ஆழ நீர்தான். உள்ளான்கள் வயலுக்குப் போய்விட்டன. ஊசிவால் வாத்துகள் முதல் கூட்டம் வந்துவிட்டது.

கலங்கல்மேடு (காவேரிப்பாக்கம்)
நவம்பர் 8, இரவு 8:30

கார்த்திகைத் தொடக்கத்தில் முகத்துவாரத்துக்கு மறுபடியும் போக எண்ணம். கடற்காகங்கள் வந்துவிட்டனவா, வாய் திறந்துவிட்டதா என்று மருமகள் அம்மா சொன்னால் நாளைத் தீர்மானித்துவிடலாம். பேருந்தில் வர விரும்புகிறவர்கள் இருவர் இருக்கிறார்கள்.

சதுரங்கப்பட்டினத்து மருமகள்
நவம்பர் 9, காலை 10:05

ஆற்றில் நீர் வந்து, வாய் உடைந்துவிட்டது. பழைய திட்டில் பாதி கரைந்து போயிற்று; கூட்டம் தென்கரைப் பக்கம் மாறி உட்காருகிறது. பழுப்புத்தலைக் கடற்காகங்கள் வந்துவிட்டன, படகுகள் கரை சேரும் நேரத்தில் பின்னாலேயே வருகின்றன. வடகரையிலிருந்து நீரைக் கடக்க முயல வேண்டாம், இழுப்பு அதிகம். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகக் கல்பாக்கம் வரும் பேருந்தில் ஏறிப் புதுப்பட்டினத்தில் இறங்குங்கள். அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போகும் பேருந்தில் வாயலூர்ப் பாலத்தைத் தாண்டி, தென்கரையில் கடலூர்க் கிராமத்துப் பக்கம் இறங்கிக்கொள்ளுங்கள். நடத்துநரிடம் கடலூர் என்று மட்டும் சொன்னால் மாவட்டத் தலைநகருக்குச் சீட்டுக் கிழித்துவிடுவார். பாலம் தாண்டி என்று சேர்த்துச் சொல்லுங்கள். பிற்பகல் மூன்று மணிக்கு வந்தால் வெயில் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்.